பின் சக்கரத்தில் பாரம்

அக்காவின் ட்ரெய்லரில் புகை வந்த அன்று மத்தியானம் நான் பத்திரிகை அலுவலகத்தில் மலேசியாவின் வட மாநிலச் செய்திகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். போனில் அவள் சொன்னது இரண்டே வாக்கியம். "வண்டி நின்னுடுச்சு. பாலத்து மேல நிக்கிறேன்."

லாரிகள் கடக்கும் சத்தம் பின்னால் கேட்டது. ஒவ்வொரு லாரிக்கும் அவள் பேச்சை நிறுத்தினாள். பாலம் அதிரும்போது மனிதர்கள் தாமாகவே வாயை மூடிக்கொள்கிறார்கள்.

"அடி கிடி பட்டுச்சா?"

"எனக்கு ஒண்ணுமில்ல. பின்னால சக்கரத்துலேருந்து கருகுற வாடை வருது."

பினாங்குத் தீவைப் பெருநிலத்தோடு இணைக்கும் பாலத்தில் நடக்கும் விபத்துகளைச் செய்தியாக எழுதுவது எங்கள் மேசைக்குப் பழகிப்போன வேலை. எந்தக் கிலோமீட்டர், எந்தத் திசை, நெரிசல் எவ்வளவு தூரம், சம்பவ இடத்திலேயே மரணமா, மருத்துவமனையிலா. அன்றைக்கு அந்தச் செய்தியின் முதல் வரி என் தலைக்குள் தானாகவே எழுதப்பட்டுவிட்டது. அக்காவின் வயது, அவள் ஓட்டிய வாகனம், அது போன திசை. அழித்தேன். வேறு விதமாக மறுபடி வந்தது. அதற்குப் பிறகு பல வாரங்கள் அது நிற்கவில்லை.

அக்கா கார் ஏற்றும் தொழிலுக்கு வந்து ஐந்தாறு வருஷம் ஆகிறது. அதற்கு முன் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் லைன் சூப்பர்வைசராக இருந்தாள். ஆட்களைக் குறைத்தபோது கிடைத்த தொகையில் ஒரு பழைய பிக்கப்பையும், இரண்டு ஆக்சில் கொண்ட திறந்த ட்ரெய்லரையும் வாங்கினாள். பழுதான கார், ஏலத்தில் எடுத்த கார், தீவிலிருந்து பெருநிலத்துக்கு சர்வீஸுக்குப் போகும் கார் எல்லாவற்றையும் ஏற்றினாள். சுங்கை பினாங் அடுக்குமாடிக்குக் கீழே அந்த ட்ரெய்லரை நிறுத்த இடம் பிடிப்பதே தனித் தொழில். பக்கத்து வீட்டுக்காரர்கள் அவளை "லோரி அக்கா" என்பார்கள். அவளிடம் லாரி கிடையாது. அவள் திருத்தவும் இல்லை.

புகைக்குக் காரணம் ஒரு பழக்கம். ஏற்றப்போகும் காரை அக்கா கண்ணால் எடை போடுவாள். போனில் வண்டியின் படத்தை அனுப்பச் சொல்வாள். பார்த்துவிட்டு, "சின்ன காருதானே, ஏத்திரலாம்லா" என்பாள். பெட்ரோல் கார்கள் ஓடிய காலத்தில் அந்தக் கண் தவறியதில்லை. பிறகு எலெக்ட்ரிக் கார்கள் வந்தன. பார்வைக்கு அதே சின்னக் கார். ஆனால் தரைக்குக் கீழே கதவு நீளத்துக்கு பேட்டரி. நான்கு கதவுச் சின்னக் கார் ஒன்று பழைய பெரிய ஜீப்பின் எடைக்கு வந்து நின்றது. அவளும் படத்தைப் பார்த்து ஏற்றிக்கொண்டே இருந்தாள். ஒரு நாள் பாலத்தின் நடுவில் பேரிங் கருகியது.

நெடுஞ்சாலை ரோந்துக்காரர்கள் கூம்புகளை வைத்து வழியை மறித்தார்கள். பிறகு பெரிய இழுவை லாரி ஒன்று வந்து ட்ரெய்லரை, மேலே இருந்த காரோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு போனது. அக்கா அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். "கார் ஏத்துற வண்டியையே ஏத்திட்டுப் போயிட்டாங்க. நான் முன்சீட்டுல உக்காந்து வந்தேன், மகாராணி மாதிரி."

சிரிப்பு அந்த வாரத்தோடு முடிந்தது. பேரிங்கை மாற்றிய பிறகும் அவள் பாலம் ஏறவில்லை. தீவுக்குள்ளேயே ஓட்டினாள். டத்தோ கிராமாட்டில் பேட்டரி செத்த கார், ஆயர் ஈத்தாமில் மழைத்தண்ணீர் புகுந்த கார். அவள் தொழிலில் பாதிக்கு மேல் பெருநிலத்துப் பக்கத்தில்தான் இருந்தது. ஃபெரிப் படகில் இப்போது கார் ஏற்றுவதில்லை. ஆட்களும் மோட்டார் சைக்கிளும்தான். வடக்கே இருக்கும் பாலம், தெற்கே இருக்கும் பாலம், இவை இரண்டை விட்டால் வேறு வழி கிடையாது. தெற்குப் பாலம் இன்னும் நீளம். கடலுக்கு மேல் இன்னும் அதிக நேரம் இருக்க வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, யாரோ ட்ரெய்லரை விலைக்குக் கேட்கிறார்கள் என்றாள்.

"குடுக்கப் போறியா?"

"ஆக்சில் மாத்திப் பாக்கறேன். பெருசாப் போட்டு, எலெக்ட்ரிக் காரை ஏத்திட்டு ஒரு தடவை அந்தப் பக்கம் போவேன். போக முடிஞ்சா வெச்சிக்குவேன். முடியலன்னா வித்துட்டு மறுபடி ஃபேக்டரிக்கு மனு போடுவேன். ஐம்பது வயசுல லைன்ல நிப்பேன்."

இதைச் சொல்லும்போது ரசத்தை ஊற்றிக்கொண்டிருந்தாள். அந்தச் சாப்பாட்டுக்கு நடுவில் மூன்று முறை எழுந்துபோய் ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தாள். ட்ரெய்லர் நிறுத்திய இடத்தில்தான் இருந்தது.

ஜெலுத்தோங்கில், கடற்கரைச் சாலைக்குப் பின்னால் உள்ள சந்து ஒன்றில், நாங்கள் பாய் என்று கூப்பிடும் மெக்கானிக்கின் ஒர்க்‌ஷாப். வெல்டிங்தான் பாயின் தொழில். படகுக்கு ட்ரெய்லர், சாப்பாட்டு வண்டிக்கு அடிச்சட்டம், கோயில் விழாவுக்குப் பந்தல் கால் என எதையும் செய்வார். அக்காவைவிட வயதில் மூத்தவர். ஆனாலும் அவளை "அக்கா" என்றுதான் கூப்பிடுவார். என்னை "பேப்பர்காரரே" என்பார். நான் அலுவலகம் போகும் வழியில் தினமும் அங்கே நிற்க ஆரம்பித்தேன். எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. அலுவலகத்தில் உட்கார முடியவில்லை, அவ்வளவுதான்.

"பேப்பர்காரரே, வெல்டிங்கைப் பாக்காதீங்க. கண்ணு போனா எங்க மேலதான் தப்புன்னு பேப்பர்ல போட்டுருவீங்க."

பழைய ஆக்சில்கள் கழற்றப்பட்டுச் சுவரோரம் கிடந்தன. கருகிய முனை கத்திரிக்காய் நிறத்தில் இருந்தது. பாய் செய்யவேண்டிய வேலைகளை அக்காவுக்கு ஒவ்வொன்றாகச் சொன்னார். ஆக்சிலை மட்டும் பெரிதாக்கினால் ஆகாது. அடிச்சட்டத்துக்குக் குறுக்கே இரும்பு வைக்க வேண்டும். டயரும் அந்த எடையைத் தாங்குவதாக வேண்டும். நான்கு சக்கரத்துக்கும் பிரேக் வேண்டும். ஒன்றை விட்டால் மற்றதெல்லாம் வீண். அக்கா எல்லாவற்றுக்கும் சரி சரி என்றாள். பாய் குனிந்து வேலை செய்யும்போதெல்லாம் அவள் அவரைச் சுற்றி நடந்தாள். கடைசியில் அவர் நிமிர்ந்து, "அக்கா, நீங்க இப்படிச் சுத்துனா எனக்குக் கிறுகிறுன்னு வருது. போய் டீ குடிங்க," என்றார்.

"குடிச்சாச்சு."

"அப்ப காப்பி குடிங்க."

புதிய ஆக்சில்கள் பழைய மாதிரி இல்லை. பழையதில் பட்டை ஸ்ப்ரிங் இருந்தது. முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் நடுவில், சீசா பலகை போல ஆடும் ஒரு இரும்புத் துண்டு. ஒரு பக்கம் பாரம் கூடினால் அது மறுபக்கத்துக்குக் கொஞ்சம் தள்ளிவிடும். புதியதில் ஸ்ப்ரிங்கே இல்லை. இரும்புக் குழாய்க்குள் ரப்பர் அடைத்து, அதிலிருந்து ஒரு கை நீட்டியிருந்தது. அந்தக் கையின் முனையில் சக்கரம். ஒவ்வொரு ஆக்சிலும் தன் பாரத்தைத் தானே சுமக்கும். பக்கத்து ஆக்சிலைக் கேட்காது. குலுங்காது, சத்தம் போடாது, பழையதைப் போல ஒன்றரை மடங்கு தாங்கும் என்றார் பாய். அனுமதி வாங்குவது, பரிசோதனை நிலையத்துக்குக் கொண்டுபோவது எல்லாம் வேலை முடிந்த பிறகு.

முடிந்தது ஒரு வெள்ளிக்கிழமை காலை. பாய் தொழுகைக்குப் போவதற்கு முன் வண்டியை வெளியே எடுத்துவிட வேண்டும் என்றார். அக்கா பாசாரிலிருந்து நேராக வந்தாள். கையில் கற்பூரம், குங்குமம், ஒரு பிளாஸ்டிக் பையில் எலுமிச்சம்பழங்கள்.

எங்கள் ஆட்கள் மோட்டார் சைக்கிள் வாங்கினாலும் இதைச் செய்வார்கள். சக்கரத்துக்கு ஒரு பழம் வைத்து, அதை நசுக்கிக்கொண்டு வண்டி முதல் அடி நகர வேண்டும். ட்ரெய்லருக்கு எப்படி என்பதில் ஒரு சிறிய தர்க்கம் நடந்தது. பிக்கப்பின் சக்கரங்களுக்கும் வேண்டுமா? அக்கா யோசித்துவிட்டு வேண்டாம் என்றாள். பிக்கப்புக்கு முன்பே செய்தாகிவிட்டது. புதியது இந்த நான்கு சக்கரம்தான்.

"நாலு பழத்தையும் வீணாக்காதீங்க," என்றார் பாய். "ரெண்டை எனக்குக் குடுங்க. வெயில் கொளுத்துது, ஐஸ் போட்டுக் குடிச்சிக்கிறேன்."

"உங்களுக்குத் தனியா வாங்கியாந்திருக்கேன் பாய்."

அவள் குனிந்து ஒவ்வொரு சக்கரத்துக்கும் முன்னால், டயரை ஒட்டினாற்போல் ஒரு பழம் வைத்தாள். கற்பூரம் காட்டினாள். பிறகு பிக்கப்பில் ஏறி, ஒர்க்‌ஷாப்பின் எண்ணெய் படிந்த சிமெண்ட் தரையில் மெதுவாக நகர்த்தினாள்.

முன் சக்கரங்களின் பழங்கள் இரண்டும் ஒரே சமயத்தில் வெடித்தன. விதை என் செருப்பு வரை தெறித்தது. பின் சக்கரப் பழங்கள் வெடிக்கவில்லை. வலப்பக்கத்துப் பழத்தை டயர் தரையோடு தள்ளிக்கொண்டு போனது. இடப்பக்கத்துப் பழம் வழுக்கி வெளியே ஓடி, கேஸ் சிலிண்டரில் முட்டி நின்றது. முழுசாக இருந்தது.

அக்கா இறங்கி வந்து பார்த்தாள். முகம் மாறிவிட்டது.

"இன்னிக்கு வேணாம்."

"ஏன்?" என்றார் பாய்.

"பழம் நசுங்கல."

"தரையில எண்ணெய் இருக்கு அக்கா. வழுக்கிடுச்சு."

"முன்னாடியும் எண்ணெய்தானே இருக்கு? அது நசுங்கிச்சே."

"அக்கா, இந்த ஆக்சில் எவ்வளவு தாங்கும்னு அதுலயே அடிச்சிருக்கு. எலுமிச்சங்காய் வந்து சொல்லணுமா?" பாயின் குரல் கொஞ்சம் உயர்ந்தது. பல நாள் உழைப்பு, ஒரு பழத்தால் நிற்கிறது. "பாருங்க, கல்லு மாதிரி நிக்குது."

அவர் பின் சக்கரத்தைச் செருப்புக் காலால் ஓங்கி உதைத்தார்.

சக்கரம் சுழன்றது.

பாரம் ஏறிய சக்கரம் அப்படிச் சுழலாது. அது மெத்தென்று, சத்தமே இல்லாமல் அரைச் சுற்றுச் சுற்றி நின்றது. பாய் இன்னொரு முறை, இந்தத் தடவை கையால், தள்ளிப் பார்த்தார். மறுபடி சுழன்றது. மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். அக்காவுக்கு முதலில் கோபம்தான் வந்தது என்று நினைக்கிறேன்.

பாய் தரையில் மல்லாந்து படுத்து அடியில் நகர்ந்தார். வெளியே வந்தபோது முதுகெல்லாம் எண்ணெய். சில அடி தள்ளிப்போய், பக்கவாட்டிலிருந்து ட்ரெய்லரைப் பார்த்தார். பிறகு என்னையும் அங்கே வரச் சொன்னார். ட்ரெய்லர் முன்பக்கம் தாழ்ந்து, தலை குனிந்து நின்றது. அவ்வளவு நாளும் அதை ஜாக்கி மேல் நிற்கும்போதுதான் பார்த்திருந்தோம்.

புதிய ஆக்சிலும் பெரிய டயரும் ட்ரெய்லரின் உடலை நாலு விரல் உயர்த்திவிட்டன. ஆனால் அதன் மூக்கு மாட்டிக்கொள்ளும் இடம், பிக்கப்பின் பின்னால் இருக்கும் இரும்புக் குண்டு, பழைய உயரத்திலேயே இருந்தது. மூக்கு கீழே, பின்பக்கம் மேலே. பழைய ஆக்சிலாக இருந்தால் நடுவிலிருக்கும் அந்தச் சீசாத் துண்டு இதைச் சமாளித்திருக்கும். புதிய ஆக்சில் பக்கத்து ஆக்சிலைக் கேட்பதில்லை. காரை ஏற்றினால் பின் சக்கரமும் தரையைத் தொட்டிருக்கும். பெரும்பாரம் முன் ஆக்சில் தலையில் விழுந்திருக்கும். இரண்டுக்குச் செலவு செய்து ஒன்றை மட்டும் வைத்து ஓட்டுவது போல. பாலத்தில் மறுபடியும் புகை வந்திருக்கலாம்.

"சட்டம், டயர், பிரேக் எல்லாம் யோசிச்சேன்," என்றார் பாய், பொதுவாகச் சுவரைப் பார்த்து. "உயரத்தை யோசிக்கல."

"நானும் யோசிக்கல," என்றாள் அக்கா.

"நீங்க எதுக்கு யோசிக்கணும்? நான்தானே போமேன், வண்டிய ரிப்பேர் பாக்கறவன்."

அவர் கையைக் கழுவிக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போனார். திரும்பி வந்து குண்டு நிற்கும் இரும்புக் கையைக் கழற்றினார். உயரமான கை ஒன்றைச் சூலியா தெரு பக்கத்தில் யாரிடமோ கேட்டுக் கிடைக்காமல், கடைசியில் அக்கரையில் இருக்கும் பட்டர்வொர்த்திலிருந்து வரவழைத்தார். அது வரும் வரை அக்கா அடுக்குமாடிப் படிகளில் ஏறி இறங்கிக்கொண்டிருந்ததாகப் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். மின்தூக்கி வேலை செய்துகொண்டுதான் இருந்தது.

மாட்டிய பிறகு ட்ரெய்லர் மட்டமாக நின்றது. பாய் மட்டப்பலகை வைத்து இரண்டு இடத்தில் பார்த்தார். அக்கா புதிதாகப் பழம் வாங்கி வந்தாள். இம்முறை பாய் தானே தரையைச் சோப்புப் போட்டுக் கழுவி வைத்திருந்தார். நான்கும் வெடித்தன. "இனிமே எல்லா ட்ரெய்லருக்கும் உங்ககிட்ட பழம் வாங்கிட்டு வரச் சொல்றேன் அக்கா. இன்ஸ்பெக்ஷன் ஃபீஸ் தனி," என்றார். அவர் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. பழம் முடிந்தது, பாலம் பாக்கி.

பரிசோதனை முடிந்து அனுமதியும் வந்த பிறகு, பெருநிலத்தில் உள்ள புக்கிட் மெர்தாஜாமுக்குப் போகவேண்டிய எலெக்ட்ரிக் கார் ஒன்று கிடைத்தது. அன்றைக்கு நான் விடுப்பு எடுத்தேன். நானும் வருகிறேன் என்றபோது அவள் என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தாள்.

"நீ ஏறுனா வெயிட்டு கூடிடும்."

"ட்ரெய்லர்ல ஏறல. முன்சீட்லதான் உக்காருவேன்."

"அதான் சொல்றேன். கடைசியில உன்னையும் சேர்த்து இழுக்கணும்."

காரைப் பின்னுக்கும் முன்னுக்கும் நகர்த்தி, பாய் சுண்ணாம்புக் கோடு போட்ட இடத்தில் நிறுத்தினாள். பட்டைகளை இறுக்கினாள். ஒவ்வொன்றையும் இறுக்கிவிட்டு மறுபடி வந்து அவிழ்த்து இறுக்கினாள். அன்றைய தினம் அவள் யாரிடமும் படம் கேட்கவில்லை. காரின் எடை என்னவென்று கேட்டு, அது அச்சடித்திருந்த இடத்தையும் குனிந்து பார்த்துக்கொண்டாள்.

கடற்கரை நெடுஞ்சாலையில் அவள் நிறுத்தாமல் பேசினாள். வாங்கவேண்டிய மீன், பக்கத்து வீட்டுப் பூனை, என் முடி கொட்டுவது. பாலத்துக்குத் திரும்பும் வளைவில் பேச்சு நின்றது. இடப்பக்கப் பாதையில், லாரிகளுக்குப் பின்னால் போனோம். பாலத்தின் இணைப்புகள் மேல் சக்கரம் ஏறும்போதெல்லாம் "டடக்" என்றது. நான் பக்கக் கண்ணாடியில் ட்ரெய்லர் சக்கரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சுழலும் சக்கரத்தில் பார்க்க ஒன்றுமில்லை. ஆனாலும் கண்ணை எடுத்தால் ஏதாவது நடந்துவிடும் போலிருந்தது.

"கண்ணாடியையே பாக்காத. கழுத்து சுளுக்கிக்கும்."

பாலம் மேலெழும் இடம் வந்தது. அவள் கியர் மேல் வைத்திருந்த கையை எடுத்து ஸ்டியரிங்கில் வைத்தாள். பின்னால் ஒரு கண்டெய்னர் லாரி ஹார்ன் அடித்துவிட்டு வலப்பக்கமாகத் தாண்டியது. அதன் காற்று எங்களை உலுக்கியது. ட்ரெய்லர் ஒரு முறை அசைந்து, நேரானது. ஒரு முறைதான். என் தலைக்குள் செய்தியின் முதல் வரி மறுபடி எழுதப்பட்டது. இந்தத் தடவை அதில் நாங்கள் இரண்டு பேர் இருந்தோம்.

"இங்கதான்," என்றாள் அக்கா.

அந்த இடத்தில் ஒன்றும் இல்லை. விளக்குக்கம்பம், தடுப்புச் சுவர், அப்பால் கடல். நாங்கள் அதைத் தாண்டினோம்.

பெருநிலத்தில் இறங்கியதும் முதலில் வந்த பெட்ரோல் நிலையத்தில் ஓரமாக நிறுத்தினாள். இறங்கிப் போனாள். சக்கரங்களைச் சுற்றி வந்தாள். நானும் இறங்கப் போனபோது வேண்டாம் என்று சைகை காட்டினாள். அவள் என்ன பார்த்தாள், எதைத் தொட்டாள் என்று எனக்குத் தெரியாது, ட்ரெய்லர் மறைத்தது. திரும்பி வந்து, ஏறாமல் என் பக்கக் கதவைத் திறந்தாள்.

"நீ இறங்கு."

"ஏன், என்னாச்சு?"

"ஒண்ணும் ஆகல. நீ விடற பெருமூச்சுல எனக்கு டயர் சத்தம் கேக்கல. ஃபெரி புடிச்சி வீட்டுக்குப் போ."

"இன்னும் புக்கிட் மெர்தாஜாம் போகணும். திரும்பி வேற வரணும்."

"ஆமா. அதான் இறங்குன்னு சொல்றேன்."

நான் இறங்கினேன். அவள் என் தண்ணீர் பாட்டிலை எடுத்து ஜன்னல் வழியாக நீட்டினாள். பிறகு கண்ணாடியை ஒரு தடவை பார்த்துவிட்டு, லாரிகளுக்கு நடுவே கிடைத்த இடைவெளியில் நுழைந்து போனாள்.

வாடகைக் கார் பிடித்து பட்டர்வொர்த் படகுத்துறைக்குப் போனேன். ஃபெரி தயாராக நின்றது. ஏறவில்லை. ஏறினால், அவளுக்குப் பெருநிலத்தில் ஏதாவது ஆகும்போது நான் இந்தப் பக்கம் இருக்க மாட்டேன் என்று தோன்றியது. அந்த ஃபெரி போனது. ஒரு டம்ளர் தே தாரேக் டீ வாங்கிப் பாதி குடித்தேன். அடுத்த ஃபெரி வந்தது, அதுவும் போனது. போனை எடுத்துப் பார்த்தேன். அவள் ஓட்டும்போது கூப்பிடக்கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பையில் போட்டேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி எடுத்தேன். அலுவலகக் குழுவில் ஒருவர் நெடுஞ்சாலை நெரிசல் பற்றி ஏதோ போட்டிருந்தார். ஈப்போ பக்கம். இருந்தும் முழுவதையும் படித்தேன்.

பாதுகாப்புக்காரர் ஒருவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "யாருக்காச்சும் காத்திருக்கீங்களா அண்ணே?" என்று கேட்டார். இல்லை என்றேன். அது உண்மையில்லை.

வெயில் தாழ ஆரம்பித்தபோது போன் அடித்தது. அக்கா.

"எங்கடா இருக்க?"

"ஃபெரிகிட்ட."

"எந்தப் பக்கம்?"

"பட்டர்வொர்த்."

போனில் தண்ணீர் பீச்சும் சத்தம் கேட்டது, குழந்தைகள் கத்துவது கேட்டது, யாரோ "லோரி அக்கா, தண்ணி எங்க மேல படுது," என்பது கேட்டது.

"நான் வீட்டுக்கு வந்து வண்டியக் கழுவிட்டு இருக்கேன்," என்றாள். "எப்பவோ வந்துட்டேன். நீ இன்னும் அங்க என்ன பண்ற?"

நான் பாதி டீயோடு அங்கே நின்ற நேரத்தில் அவள் காரை இறக்கிவிட்டு, தனியாகப் பாலம் ஏறி, அந்த இடத்தை இரண்டாவது முறை தாண்டியிருந்தாள். அதை நான் பார்க்கவில்லை. யாரும் பார்க்கவில்லை.

"ட்ரெய்லர் கேட்டவங்க?"

"காலையிலேயே வேணாம்னு சொல்லிட்டேன்."

"காலையிலேயேவா? போறதுக்கு முன்னாடியே?"

"பின்ன? விக்கிறதா சொல்லிட்டுப் போனா எப்படி ஓட்டறது?" தண்ணீர்ச் சத்தம் நின்றது. "நாளைக்கு ரெண்டு டிரிப் இருக்கு. நீ வர வேணாம். வரும்போது மீ கோரேங் வாங்கிட்டு வா, உறைப்பு கம்மியா."

அடுத்த ஃபெரிக்கு வரிசை நகர ஆரம்பித்திருந்தது. நான் போய் அதன் கடைசியில் நின்றேன்.